கரையில மனை தேடுத மருமவனுக்கு

வாங்கு மருமவனே, தாராளமா வாங்கு. கடலைப் பாத்த வீடு, மாடியில ஊஞ்சல், வெள்ளன எந்திச்சதும் கையில காப்பி, முன்னால சூரியன். இதுக்கெல்லாம் நான் குறுக்க நிப்பேனா? ஒன் துட்டு, ஒன் ஆசை. பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னால முதுகு வளைஞ்சு சம்பாதிச்ச காசை எங்கயாவது கொண்டு போய்க் கொட்டித்தான ஆவணும்? கடல்ல கொட்டுததுக்குப் பெரிய மனசு வேணும்.

ஒங்க அம்மை போன் போட்டு, "அண்ணே, அவன்கிட்ட நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னா. தாய்மாமன் வாயைத் திறக்காம இருந்தா நாளைக்கு அந்தப் பழியும் நம்ம தலையில விழும். அதனால சொல்லுதேன். கேக்கதும் கேக்காததும் ஒன் பாடு.

புரோக்கர் அனுப்புன படத்தைப் பாத்தேன். வெள்ளை மணல், நீலத் தண்ணி, ரெண்டு தென்னை. மருந்துக்கு ஒரு மனுசன் இல்ல. "அமைதியான இடம் சார்"னு கீழ எழுதி வேற அனுப்பியிருக்கான். எனக்கு அங்கதான் உறுத்துச்சு. இந்தக் கரையில கொற்கையில முத்துக் குளிச்ச காலத்துலருந்து சனம் குடியிருக்கு. ரெண்டாயிரம் வருசமா எங்க குடிசை போடலாம், எங்க கெணறு தோண்டலாம்னு பாத்துப் பாத்து உக்காந்தவனுவ. அத்தனை பேரும் வேண்டாம்னு ஒதுக்குன ஒரு இடம் ஒனக்குன்னு காலியாக் காத்துக் கெடக்குன்னா, ஒண்ணு அவனுவ பரம்பரை பரம்பரையா முட்டாளா இருந்திருக்கணும். இன்னொண்ணை நீயே யோசிச்சுக்கோ, படிச்சவன்லா.

ஊருக்கு நடுவுல காலி மனை இருந்தா அது வாரிசுத் தகராறு. கரையோரமா ஒரு பெரிய பரப்பே காலியாக் கெடந்தா அதுக்குக் காரணம் வேற. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிச்ச பொறவு துட்டை எடு. நான் சொல்லப்போறது அம்புட்டும் இந்த ஒத்தைச் சோலியைத்தான்.

மொதல்ல பத்திரத்துல நாலு எல்லை எழுதுவாவல்லா, அதுலருந்து வருவோம். வடக்க இன்னார் மனை, தெக்க இன்னார் மனை, மேக்க பாதை, கெழக்க கடல். மொத மூணு எல்லைக்காரனும் ஊருக்குள்ள இருப்பான். சண்டை வந்தா பேசலாம், சர்வேயரைக் கூட்டியாந்து கல்லு நடலாம். நாலாவது எல்லைக்காரன் எந்தப் பஞ்சாயத்துக்கும் வரமாட்டான். கல்லு நட்டா கல்லோட போவான்.

கொற்கைக்கு ஒருநா போய்ப் பாரு. பாண்டியனோட துறைமுகம். இப்ப அங்க நின்னா கடல் கண்ணுக்கே தெரியாது. தாமிரபரணி மண்ணைக் கொண்டாந்து கொட்டிக் கொட்டி, கடலை ஆறேழு கிலோமீட்டர் அந்தப் பக்கம் தள்ளிட்டு. பொறவு காயல்ல துறைமுகம் எழும்புச்சு. மார்க்கோ போலோவே எழுதி வச்ச ஊரு. அதையும் கடல் விட்டுட்டுப் போயிட்டு. அந்தக் காலத்துல கொற்கையில 'கடல் பாத்த மனை'ன்னு கூடுதல் வெலை குடுத்து வாங்குன புண்ணியவானை நெனைச்சுப் பாரு. மனை இருக்கு, கடல் போச்சு.

தனுஷ்கோடியில கதை நேர் எதிர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சு, ஊரு, கோயில், ரயில் ஸ்டேசன், பாம்பன்லருந்து வந்துக்கிட்டிருந்த ரயிலு, அதுல இருந்த சனம் எல்லாத்தையும் கடல் வாரிக்கிட்டுப் போச்சு. குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு சர்க்கார் அறிவிச்சுட்டு. அங்க மட்டுமில்ல, மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. அதுல விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்ப தண்ணிக்கு அடியில. சுத்தி இருந்த பவளப்பாறையை வெட்டி வித்ததும் ஒரு காரணம்னு படிச்சவுக சொல்லுதாவ. தீவையே மூழ்கடிக்க கடலுக்கு ஒன் அஞ்சு சென்ட்டு வாய்க்கும் பத்தாது.

இதைச் சொன்னா புரோக்கர் சிரிப்பான். "அரிப்பெல்லாம் இங்க வராது சார், பக்கத்து ஊர்லயே தூண்டில் வளைவு போட்டாச்சு"ம்பான். பக்கத்து ஊருன்னா வடக்கயா, தெக்கயான்னு மட்டும் கேளு. அதுலதான் சூச்சுமமே இருக்கு. கடல் மண்ணு ஒரு இடத்துல நிக்காது. நம்ம கெழக்குக் கரையில தென்மேற்குக் காத்து வீசுத மாசமெல்லாம் அலை மண்ணைத் தெக்கருந்து வடக்க தள்ளும். வாடைக்காலம் வந்தா திரும்பத் தெக்க தள்ளும். வருசக் கணக்கு முடிச்சுப் பாத்தா வடக்க போனதுதான் கூட இருக்கும். அந்த வழியில தூண்டில் வளைவுன்னு கல்லை அடுக்குனா, தெக்குப் பக்கம் மண்ணு சேரும், வடக்குப் பக்கம் கரை தேயும்.

சென்னையில துறைமுகம் கட்டுன பொறவுதான் மெரினாவுல அம்புட்டு மணல் சேந்துச்சு. வடக்க ராயபுரத்துக்காரனைக் கேட்டா வேற கதை சொல்லுவான், அங்க கடல் தெருவைத் தின்னுச்சு. புதுச்சேரியில 1980-கள் கடைசியில துறைமுகத்துக்குக் கல்லு போட்டாவ. ஊருக்கு முன்னால இருந்த மணலே இல்லாமப் போயி, கருங்கல்லைக் கொட்டி வச்சிட்டு உக்காந்திருந்தாவ. பொறவு கடலுக்குள்ள ஒரு செயற்கைத் திட்டைப் போட்டுத்தான் கொஞ்சம் மணலை வரவழைச்சாவ. ஆக, கல்லுக்குத் தெக்க மனைன்னா உக்காந்து பேசு. கல்லுக்கு வடக்கன்னா, குடுத்த கலரைக் குடிச்சிட்டு எந்திச்சு வா. தெக்க சேருத மண்ணும் ஒன் பட்டாவுல தானா ஏறிராது, அந்த ஆசையும் வேண்டாம்.

திருச்செந்தூர்ல 2025 தொடக்கத்துல கோயிலுக்கு முன்னாலயே கரை அரிச்சு, கடல்ல குளிக்க எறங்குத சனம் தடுமாறிப் போச்சு. சூரனை வென்ற முருகனுக்கு முன்னாலயே அப்படின்னா, வங்கியில கடன் வாங்கி வீடு கட்டுத ஒனக்குக் கடல் கூடுதல் மரியாதை குடுக்குமா?

"அப்ப கன்னியாமரியைத் தாண்டி மேக்குக் கரைக்குப் போறேன்"னு சொல்லுவே. போ. அங்க கள்ளக்கடல்னு ஒண்ணு இருக்கு. கரையில காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. எங்கயோ தெக்குச் சமுத்திரத்துல கெளம்புன அலை பல நாள் பயணம் பண்ணி, சத்தங்காட்டாம ஒன் வாசலுக்கு வரும். நல்ல வெயில்ல செருப்பு மெதக்கும்.

அடுத்தது, எல்லாரும் கடலைப் பாத்தே பயப்படுதாவ. முதுகுப் பக்கம் பாக்க ஆளில்ல. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நம்ம மாவட்டத்துல ஒரு வருசம் முழுக்கப் பெய்யுததை விடக் கூட. கொளம் ஒடைஞ்சு, தாமிரபரணி கரை மீறி, திருச்செந்தூர்லருந்து போன ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல வெள்ளத்துக்கு நடுவுல சனத்தோட நின்னுச்சு. அந்தத் தண்ணி கெழக்கருந்து வரல, மேக்கருந்து வந்துச்சு. மழைத் தண்ணிக்கும் கடலுக்குத்தான் போவணும். வழியில ஒன் வில்லா இருந்தா கேட் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு நிக்காது.

அதனால மனை பாக்க தை, மாசியில வராத. அப்ப இந்தக் கரையில எந்தச் சவமும் அழகாத்தான் இருக்கும். புரோக்கர் அந்த மாசத்துலதான் படம் புடிப்பான். ஐப்பசி, கார்த்திகையில வா, அடைமழை நாலு நாள் விடாமப் பெஞ்ச மறுநா. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நட. எங்க தண்ணி நிக்கு, எந்தப் பக்கம் ஓடுது, ஓடைன்னு வரைபடத்துல இருக்கது நெலத்துல எங்க போச்சுன்னு காலே சொல்லும். புரோக்கரையும் கூட வரச் சொல்லு. அன்னைக்கு அவனுக்கு ஒரு கல்யாண வீடு இருக்கும்.

சரி, கார்த்திகையில லீவு இல்லம்பே. அப்ப செடியைக் கேளு. உமரி முளைச்சுக் கெடந்தா அது உப்பு மண்ணு, தண்ணி வந்து நிக்க இடம். நீ என்ன நட்டாலும் உமரிதான் செழிக்கும். அடும்புக்கொடியும் ராவணன்மீசையும் படர்ந்த மணல்மேடா? அது இன்னும் காத்தோட நடமாடிக்கிட்டு இருக்க மணலு. அதைச் சமப்படுத்தித்தான் பிளாட் போட்டிருப்பான். புயலுக்கு முன்னால நின்னு அடி வாங்குதது அந்த மேடுதான். அதை வெட்டி எறிஞ்சிட்டு, "தடையில்லாமக் கடல் தெரியுது சார்"னு அதுக்கும் சேத்துத் துட்டு கேப்பான். கடலுக்கும் ஒன் வீடு தடையில்லாமத் தெரியும். வயசான பனை வரிசையா நிக்கா? அங்க கொஞ்சம் நின்னு பேசலாம். ஒரு பனை ஆளாக எம்புட்டோ வருசம் ஆவும். அத்தனை வருசமா வெள்ளம் பெரட்டாத மண்ணுன்னு அது சாட்சி சொல்லுது.

தண்ணிக்கு வருவோம். புரோக்கர் ஒன்னையத் திருச்செந்தூர் நாழிக்கிணத்துக்குக் கூட்டிட்டுப் போவான். "பாத்தீங்களா சார், கடலுக்குப் பக்கத்துல நல்ல தண்ணி"ம்பான். உண்மைதான், பொய் சொல்லல. மோர் மேல வெண்ணெய் மெதக்குத கணக்கா, மணலுக்கு அடியில உப்புத் தண்ணிக்கு மேல மழைத் தண்ணி மெதக்கு. படிச்சவுக இதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்காவ: கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழ நாப்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். திருப்பி வாசிச்சா, மேல ஒரு அடி எறங்குனா கீழருந்து நாப்பது அடி உப்பு ஏறும். நாழிக்கிணத்துல தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா மொண்டு எடுக்காவ, அது நிலைச்சு நிக்கு. நீ அஞ்சு ஹெச்.பி. மோட்டாரைப் போட்டு, நீச்சல் கொளத்துக்கும் புல்லுத் தரைக்கும் உறிஞ்சுவே. பொறவு காப்பியில உப்பு கரிக்குன்னு மாமாவுக்குப் போன் போடுவே. நீ உறிஞ்சாட்டியும் பக்கத்து ரிசார்ட்டுக்காரன் உறிஞ்சுவான். கெணத்துக்குத்தான் சுவரு கட்டலாம், ஊத்துக்குக் கட்ட முடியாது. அதனால அக்கம்பக்கத்துல நாலு கெணத்துத் தண்ணியைச் சித்திரை, வைகாசியில வாயில ஊத்திப் பாரு. இறால் பண்ணை பக்கத்துல இருந்தா ஊத்திப் பாக்கவே வேண்டாம்.

உப்புக் காத்தைப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணுமில்ல. கிரில், கீல், ஏசி, இன்வெர்ட்டர், ஒன் பைக்கு எல்லாம் துருப்பிடிக்கும். கான்கிரீட்டுக்குள்ள இருக்க கம்பியும் பிடிக்கும், அது மட்டும் வெடிச்ச பொறவுதான் தெரியும். ஊர்ல இரும்புக் கடைக்காரன் வசதியா இருக்கானான்னு பாரு, மிச்சம் வெளங்கிரும்.

இப்ப சட்டம். கடல் பொங்கி ஏறுத உச்சக் கோட்டுலருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் பிடிக்கும். 1991-ல வந்துச்சு, 2011-ல மாத்துனாவ, 2019-ல திரும்பவும் மாத்துனாவ. கிராமத்துக் கரையில மொத 200 மீட்டருக்குள்ள புதுசாக் கட்டக் கூடாதுன்னு இருந்துச்சு. 2019-ல, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல நெருக்கி இருக்க கிராமப்புறத்துக்கு மட்டும் அதை 50 மீட்டரா ஆக்குனாவ. புரோக்கர் அந்த 50-ஐ மட்டும் மனப்பாடம் பண்ணி வச்சிருப்பான். நீ பணிவாக் கேளு: "ஆள் நடமாட்டமே இல்லாத அமைதியான இடம்னு சொன்னீங்களே அண்ணாச்சி, அந்த 2,161 பேரு எங்க?" கழிமுகத்துக்கும் உப்போடைக்கும் தனிக் கணக்கு உண்டு. கடல் தூரமா இருக்குன்னு ஏமாந்து ஓடைக்கரையில மாட்டுனவன் நெறைய. கடலோர மேலாண்மை வரைபடத்துல ஒன் சர்வே நம்பர் எங்க விழுதுன்னு பாத்துட்டு அட்வான்சைப் பத்திப் பேசு.

"பஞ்சாயத்து அனுமதி இருக்கு, எல்லாரும் கட்டியிருக்காவ"ன்னு சொல்லுவான். கொச்சி பக்கம் மரடுல நாலு அடுக்குமாடிக்கும் அனுமதி இருந்துச்சு. 2019 மே மாசம் சுப்ரீம் கோர்ட் இடிக்கச் சொல்லிட்டு. 2020 ஜனவரி 11, 12-ல வெடி வச்சு இறக்குனாவ, டிவியில நேரலை. நம்ம ஊர்ல கோயில் கொடைக்குக்கூட அம்புட்டுக் கூட்டம் கூடாது. வீட்டுக்காரனுக்கு இடைக்கால நட்டஈடா 25 லட்சம் கெடச்சுது. அது மிச்சக் கடனுக்குப் பத்துச்சான்னு அவனுவளத்தான் கேக்கணும்.

காயிதத்தைப் பத்தி ஒனக்குத் தெரியும்லா? தெரியாட்டி தெரிஞ்ச சேக்காளியைப் பிடி. பட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருச வில்லங்கம். அதோட கிராமக் கணக்குல அ-பதிவேட்டையும் பாரு. அங்கதான் ஒன் கனவு வில்லா புறம்போக்கா, கோயில் நெலமா, பஞ்சமி நெலமான்னு எழுதியிருக்கும். வில்லங்கத்துல பதிஞ்சது மட்டும்தான் தெரியும், பதியாத வில்லங்கம் ஊர் டீக்கடையில தெரியும். ரெண்டு டீ குடி. விக்கவனோட அக்கா தங்கச்சி கையெழுத்து இருக்கான்னு பாரு. பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, நம்ம ஆளுவளுக்குத்தான் அது இன்னும் வந்து சேரல. "பவர் பத்திரம் போதும்"னு எவனாவது சொன்னா, பவர் வச்சு வித்ததெல்லாம் கிரயம் ஆவாதுன்னு 2011-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னதை அவனுக்கு எடுத்துச் சொல்லு. மனைப் பிரிவுக்கு டிடிசிபி அனுமதி இருக்கான்னு கேட்டா, "வந்துக்கிட்டே இருக்கு"ம்பான். வந்த பொறவு நாமளும் வருவோம்னு சொல்லிட்டு வா.

இப்பப் புதுசா ராக்கெட்டு வேற. குலசேகரப்பட்டினத்துல ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் நட்டாவ. ஸ்ரீஹரிகோட்டாவுலருந்து தெக்க விடணும்னா இலங்கைக்கு மேல போவாம சுத்திப் போவணும். இங்கருந்து நேராத் தெக்க விட்டுரலாமாம். நல்ல விசயம்தான். ஆனா சிறுசா ஒரு ராக்கெட்டு மேல போறதுக்குள்ள தேரிக்காட்டு மனை வெலை சந்திரனுக்குப் போயிட்டு. "மாடியில நின்னே ராக்கெட்டு பாக்கலாம் சார்"னு விக்கான். அஞ்சு நிமிசம் பாக்க ஒரு வீடா? சேதி வந்தா நம்ம வீட்டுக்கு வா, திண்ணையில பாய் விரிச்சுப் போடுதேன். காப்பியும் உண்டு, உப்பு கரிக்காது.

இன்னும் ஒண்ணு. "மீன்பிடிக்காரவுக கரையிலதான இருக்காவ, அவுகளுக்கு ஒண்ணும் ஆவலியே"ன்னு கேப்பே. ஆச்சு மருமவனே, 2004 சுனாமியில எம்புட்டோ ஆச்சு. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாவ. இருந்தும் அவுக அங்கதான் இருப்பாவ. வள்ளம் அங்க, வலை அங்க, கடல் நெறம் மாறுதது வாசல்லருந்து தெரியணும். சட்டமும் அவுக வீட்டுக்கு இடம் விட்டிருக்கு. நீ லேப்டாப்பைத் தட்டுததுக்கு எந்த அலையைப் பாக்கணும்? நீ காலி இடம்னு நெனைக்கது அவுக வலை காயப்போடுத இடம், கருவாடு விரிக்க களம், வள்ளம் ஏத்துத பாதை. அங்க வேலி போட்டுட்டு, மூணாம் மாசம் கருவாட்டு வாடைன்னு மனு எழுதுவே. அன்னைக்கு ஊர்க்கூட்டத்துல நான் ஒன் பக்கம் நிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

இவ்வளவுக்கும் பொறவு ஆசை தீரலையா? தீராது, ஒங்க அப்பன் வழி அப்படி. அப்ப இப்படிச் செய். கடலை விட்டு நாலைஞ்சு கிலோமீட்டர் மேக்க தள்ளி, பழைய ஊரா, மேட்டு நெலமா, கெணத்துத் தண்ணி சித்திரையிலயும் இனிக்க இடமாப் பாரு. அங்க பத்து சென்ட்டு வாங்குனாலும் கரையில ரெண்டு சென்ட்டு வெலை வராது. கடல் பாக்கணும்னு தோணுச்சுன்னா மினிபஸ் போவுது, பத்து நிமிசம். பாத்துட்டுச் சாயங்காலம் திரும்பிரு. கடலும் அதைத்தான் விரும்பும்.

அந்த மாதிரி இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கன்னு முழிக்காத, ரொம்ப லேசு. புரோக்கர்கிட்ட, "அண்ணாச்சி, ஒங்க சொந்த வீடு எங்க இருக்கு?"ன்னு கேளு. கட்டாயம் கடலோரத்துல இருக்காது. "ஒங்க தெருவுல மனை எதும் விலைக்கு வருதா?"ன்னு அடுத்த கேள்வியைப் போடு. "அங்க யாரும் விக்க மாட்டாங்க சார்"ம்பான். அட்வான்சை அந்தத் தெருவுல குடு.